குரலைத் தாழ்த்திய பாடகர்: லூச்சோ பத்திஸ்தியின் இசைத்தட்டுகள்



இத்தாலியில் கிதார் கற்றுக்கொள்ளத் தொடங்குகிற பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் வாசிக்கிற பாட்டு ஒன்று உண்டு. 'லா கன்சோனே தெல் சோலே', சூரியனின் பாட்டு. 1971இல் வந்தது. ஏ, ஈ, டி என்று மூன்றே கார்டுகள். முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை அதே வரிசையில் அவை சுற்றிச் சுற்றி வரும். அந்தப் பாட்டுக்கு இசையமைத்துப் பாடிய அதே மனிதர் 1994இல் 'ஹெகல்' என்ற பெயரில் ஓர் ஆல்பம் வெளியிட்டார். ஆமாம், ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹெகல்தான். அந்த ஆல்பத்தில் கூடவே சேர்ந்து பாடும்படியான பல்லவி கிடையாது. அட்டையில் பாடகரின் முகம் கிடையாது. பாட்டின் பொருளை இன்றைக்கும் ரசிகர்கள் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

லூச்சோ பத்திஸ்தி எப்படி அங்கிருந்து இங்கு வந்து சேர்ந்தார் என்பதுதான் இன்றைய பேச்சு.

இதைப் பலர் இரண்டு கட்டங்களாகப் பிரித்துச் சொல்வார்கள். 1980 வரை பாடலாசிரியர் மொகோலுடன் இருந்த காலம், எல்லோருக்கும் பிடித்த காலம். அதற்குப் பிறகு வந்தது யாருக்கும் புரியாத காலம். இந்தப் பிரிவினையை நான் ஏற்கவில்லை. ஆல்பங்களை வந்த வரிசையிலேயே கேட்டுப் பார்த்தால் ஒரே திசையில் நடக்கிற ஒரு மனிதர் தெரிகிறார். ஒவ்வொரு ஆல்பத்திலும் எதையோ ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு அவர் மேலே போகிறார். முதலில் மேடையை விட்டார். பிறகு தொலைக்காட்சியை விட்டார். ஒரு கட்டத்தில் தன் குரலையே பின்னுக்குத் தள்ளினார். கடைசியில், வந்த மெட்டுக்குச் சொல் எழுதும் வழக்கத்தையே தலைகீழாக்கினார். மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்ற கேள்வி நமக்குப் பழகியதுதான். ஒரே இசையமைப்பாளர் தன் வாழ்நாளின் முற்பகுதியை ஒன்றுக்கும், பிற்பகுதியை மற்றொன்றுக்கும் கொடுத்தது அபூர்வம்.

பத்திஸ்தி 1943 மார்ச் 5 அன்று போஜ்ஜோ புஸ்தோனேயில் பிறந்தார். ரோமுக்கு வடகிழக்கே, ரியேத்தி மாவட்டத்தில் மலைச்சரிவில் இருக்கிற சிற்றூர் அது. சிறுவயதிலேயே குடும்பம் ரோமுக்குப் பெயர்ந்தது. இளைஞராக மிலானுக்குப் போய் 'இ கம்பியோனி' என்ற குழுவில் கிதார் வாசித்தார். கறுப்பின அமெரிக்கர்களின் ரிதம் அண்ட் ப்ளூஸ், சோல் இசை, பிறகு பீட்டில்ஸ், பாப் டிலன், இவையெல்லாம் அவர் காதில் ஊறியிருந்தன. 1965இல் ஒரு பிரெஞ்சுப் பெண் பதிப்பாளர் வழியாக ஜூலியோ ரப்பெத்தியைச் சந்தித்தார். மொகோல் என்ற புனைபெயரில் அப்போதே பெயர்பெற்றிருந்த பாடலாசிரியர் அவர். பத்திஸ்தி வாசித்துக் காட்டிய மெட்டுகளைக் கேட்டுவிட்டு, பிரமாதமாக ஒன்றுமில்லை என்று மொகோல் முகத்துக்கு நேரே சொன்னார். பத்திஸ்தி கோபப்படவில்லை, தனக்கும் அப்படித்தான் படுகிறது என்றார். அந்தப் பதில்தான் தன்னை ஈர்த்தது என்று மொகோல் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

முதலில் இருவரும் பிறருக்காகத்தான் எழுதினார்கள். 1967இல் எக்விப்பே 84 குழு பாடிய '29 செத்தெம்ப்ரே' அதில் முக்கியமானது. செப்டம்பர் 29 என்று பொருள். ஒருவன் ஒருநாள் தன் காதலியை மறந்து வேறொரு பெண்ணோடு சுற்றுகிறான். மறுநாள் காலை எழுந்து காதலியை நினைக்கிறான். நாள் மாறியதை எப்படிச் சொல்வது? பாட்டின் நடுவே வானொலிச் செய்தி வாசிப்பவர் ஒருவர் தேதியைச் சொல்லிச் செய்தி படிக்கிறார். முதலில் 29ஆம் தேதி, பிறகு 30ஆம் தேதி. மூன்றரை நிமிடப் பாட்டுக்குள் ஒரு சிறுகதையின் காலம் நகர்ந்துவிடுகிறது. இத்தாலிய மெல்லிசை அதுவரை இப்படிக் கதை சொன்னதில்லை.

வெளிநாட்டிலும் அவர் மெட்டுகள் அப்போதே போய்ச் சேர்ந்தன. 'பல்லா லிந்தா' என்ற பாட்டை அமெரிக்காவில் கிராஸ் ரூட்ஸ் குழு ஆங்கிலத்தில் பாடியது. 'இல் பரதீசோ' என்ற மெட்டை வேல்ஸ் நாட்டின் ஆமென் கார்னர் குழு எடுத்துப் பாடி, 1969 தொடக்கத்தில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதைக் கேட்ட ஆங்கிலேயர்களில் எத்தனை பேருக்கு அது ஓர் இத்தாலியர் போட்ட மெட்டு என்று தெரிந்திருக்கும்?

அவரே பாட வேண்டும் என்று வற்புறுத்தியவர் மொகோல். பத்திஸ்தியின் குரல் அன்றைய இத்தாலியக் காதுகளுக்குக் குரலாகவே படவில்லை. அங்கே பாடகர் என்றால் நெஞ்சை நிறைத்துப் பாட வேண்டும். இவர் குரல் கரகரப்பானது. உச்சத்துக்குப் போகும்போது உடைந்துவிடும் போலிருக்கும். 1969 சான்ரேமோ விழாவில் 'உன்'அவ்வெந்தூரா' பாடினார். அன்றைய வழக்கப்படி ஒரே பாட்டை இருவர் தனித்தனியே பாடுவார்கள். இவருடைய பாட்டை மறுமுறை பாட வந்தவர் அமெரிக்க சோல் பாடகர் வில்சன் பிக்கெட். பாட்டுக்கு ஒன்பதாம் இடம் கிடைத்தது. பத்திரிகைகள் குரலைக் குறை சொல்லின. அதே ஆண்டு வந்த 'அக்வா அசுர்ரா, அக்வா க்யாரா' நாடெங்கும் ஒலித்து, ஃபெஸ்திவல்பார் போட்டியில் வென்றது. அந்தக் கரகரப்பில் உண்மை இருப்பதை இளைஞர்கள் கண்டுகொண்டார்கள். சான்ரேமோவில் பாடப் பத்திஸ்தி திரும்பிப் போகவே இல்லை.

1969இல் வந்த முதல் ஆல்பமும் 1970இல் வந்த 'எமோட்சியோனி'யும் பெரும்பாலும் ஏற்கெனவே சிங்கிள்களாக வந்த பாட்டுகளின் தொகுப்புகள். தனிப்பாட்டாக எடுத்தால் பொற்காலம். 'மி ரித்தோர்னி இன் மென்தே' என்ற பாட்டைச் சொல்கிறேன். மெதுவாக ஏறி, பித்தளை வாத்தியங்கள் முழங்க உச்சத்தைத் தொட்டதும் தாளம் சட்டென்று மாறும்; நினைவில் கிடந்தவன் ஏதோ ஒரு காட்சியைக் கண்டு திடுக்கிட்டதைப் போல இருக்கும். ஆனால் ஆல்பம் என்ற வடிவத்தை அவர் இன்னும் தொடவில்லை.

தொட்டது 1971இல், 'அமோரே எ நோன் அமோரே'யில். காதலும் காதலின்மையும் என்று பொருள். இதற்குள் அவரும் மொகோலும் குதிரையில் ஏறி மிலானிலிருந்து ரோம் வரை போயிருந்தார்கள், 1970 கோடையில். ஃபோர்முலா த்ரே என்ற மூவர் குழுவுடன் அதே ஆண்டு கச்சேரிச் சுற்றுப்பயணமும் போய்வந்தார். அவருடைய வாழ்நாளில் அப்படியொரு சுற்றுப்பயணம் அது ஒன்றுதான். இந்த ஆல்பத்தில் எட்டுப் பகுதிகள். நான்கு பாடல்கள், அவை முரட்டு ராக், ப்ளூஸ். மற்ற நான்கும் வாத்திய இசை மட்டும். இரண்டும் மாறி மாறி வரும். வாத்தியப் பகுதிகளுக்கு ஒரு வாக்கியம் நீளத்துக்குத் தலைப்புகள். பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில் தானியங்கிப் பூ விற்பனை இயந்திரத்தின் முன்னால், கண்ணாடிக் குமிழிக்குள் அடைபட்டு நிற்கும் ஒருவனைப் பற்றியது ஒன்று. வாசித்தவர்களில் பலர் அடுத்து பி.எஃப்.எம். என்ற புகழ்பெற்ற ராக் குழுவாகத் திரண்ட இளைஞர்கள். அவருடைய தட்டுகளை வெளியிட்டுவந்த ரிக்கோர்தி நிறுவனம் தயங்கியது. பதிவாகிப் பல மாதங்கள் கழித்தே ஆல்பம் வெளிவந்தது. விற்கிற பாட்டு கையில் இருக்கும்போது இது எதற்கு என்று வியாபாரிகள் நினைப்பது இயல்பு. என் தீர்ப்பைக் கேட்டால், பாடல்களில் இரண்டு சாதாரணம். வாத்தியப் பகுதிகள் நான்கும் அழகு. பாடகர் பாடாமலேயே தன்னைச் சொல்ல முடியும் என்று அவர் முதன்முதலாகச் சோதித்துப் பார்த்தது இங்கேதான்.

அதன்பின் ரிக்கோர்தியை விட்டு, மொகோலும் நண்பர்களும் நடத்திய நூமெரோ ஊனோ நிறுவனத்துக்குப் போனார். இனி யாரும் தடுக்க முடியாது. 1972இல் மட்டும் இரண்டு பெரிய ஆல்பங்கள்.

முதலாவது 'உமானாமென்தே உவோமோ: இல் சோன்யோ'. இதைத் திறக்கும் பாட்டு 'இ ஜர்தீனி தி மார்த்சோ', மார்ச் மாதத் தோட்டங்கள். அதில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். போருக்குப் பிந்தைய ஏழ்மையில் மாதக்கடைசியில் காசில்லாத வீடு, அம்மா, பள்ளியிலிருந்து வரும் பையன். மொகோலின் சொந்தச் சிறுவயது அது. சரணத்தை பத்திஸ்தி பாடுகிறார் என்று சொல்வதைவிடப் பேசுகிறார் என்று சொல்லலாம். குரல் கீழ்ஸ்தாயியிலேயே கிடக்கிறது. கிதார் மெல்ல நடக்கிறது. பையன் வெட்கப்படுகிறான், குரலும் தலை குனிந்தே இருக்கிறது. பிறகு பல்லவி வருகிறது. மெட்டு ஒரேயடியாக மேலே பாய்கிறது, தந்தி வாத்தியங்கள் பின்னால் எழுகின்றன, அந்தக் கரகரத்த குரல் தன் எல்லையைத் தாண்டப் பார்க்கிறது. அங்கே பாட்டு வறுமையிலிருந்து தப்பவில்லை. துணிச்சல் இல்லாத ஓர் ஆள் உள்ளுக்குள் எவ்வளவு பெரிய உலகத்தை வைத்திருக்கிறான் என்பதுதான் தெரிகிறது. இந்த உயரமும் பள்ளமும் முழுக்க மெட்டில் இருக்கின்றன. மெட்டு முதலில் வந்தது. மொகோல் அதைக் கேட்டு, அந்தப் பள்ளத்தில் தன் பிள்ளைப்பருவத்தை வைத்தார். அவர்கள் இருவரும் வேலை செய்த முறையே அதுதான். பத்திஸ்தி கிதாரோடு மெட்டை முடித்துக் கொண்டுவருவார். அந்த மெட்டு ஏற்கெனவே என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்று மொகோல் காது கொடுத்துக் கேட்டுச் சொல்லைக் கண்டுபிடிப்பார்.

அதே ஆல்பத்தில் 'எ பென்சோ அ தே', உன்னை நினைக்கிறேன். காரில் போகும்போதே அதன் வரிகளை எழுதிவிட்டதாக மொகோல் சொல்வதுண்டு. அந்தப் பாட்டின் கடைசிப் பகுதியில் சொல்லே இல்லை. லா லா என்று மட்டும் பாடிக்கொண்டே போக, சுற்றிலும் இசைக்குழு பெருகிப் பெருகி எழுகிறது. சொல் தீர்ந்த பிறகும் நினைப்பு தீரவில்லை. ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பகுதியிலும் சொல் கிடையாது, முனகல் மட்டும்தான். 'இல் ஃபுவோகோ'வில் கிதார் ஓலமிடுகிறது. லட்சக்கணக்கானவர்கள் வாங்கிய ஒரு தட்டில் இவற்றையெல்லாம் ஒளித்துவைத்துக் கொடுத்தார்.

1972 ஏப்ரல் 23 அன்று தொலைக்காட்சியில் மீனாவும் பத்திஸ்தியும் சேர்ந்து பாடினார்கள். இத்தாலியின் மிகப் பெரிய பாடகி மீனா. ஐந்து நண்பர்கள் வாசிக்க, பத்திஸ்தியின் பாட்டுகளையே இருவரும் மாற்றி மாற்றிப் பாடிய சில நிமிடங்கள் அவை. ஒரு பக்கம் பயிற்சியின் சிகரமான குரல்; மறுபக்கம் பள்ளிக்கூடம் தெரியாத குரல். இரண்டும் சமமாக நின்றன. நீங்கள் பார்த்தே ஆக வேண்டிய பதிவு இது. அதற்குப் பின் இத்தாலியத் தொலைக்காட்சி மேடைக்கு அவர் திரும்பவில்லை.

அந்த ஆண்டு இறுதியில் வந்த 'இல் மியோ காந்தோ லிபெரோ' பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. எல்லோருக்கும் தெரிந்த, எல்லோரும் பாடுகிற ஆல்பம். அதன் தலைப்புப் பாட்டு அந்த நாட்டின் பொதுச்சொத்து மாதிரி ஆகிவிட்டது. ஒரு தகவல் மட்டும்: அதிலுள்ள ஒரு மெட்டுக்கு டேவிட் போவி ஆங்கில வரிகள் எழுத, அதை 1974இல் கிதார் கலைஞர் மிக் ரான்சன் தன் ஆல்பத்தில் பாடினார். 1973இல் வந்த 'இல் நோஸ்த்ரோ காரோ ஆஞ்ஜெலோ' இதன் தொடர்ச்சி. நல்ல ஆல்பம், கொஞ்சம் களைப்பு தெரியும் ஆல்பம்.

பிறகு அவர் தென்னமெரிக்காவுக்குப் போனார், மொகோலும் உடன் போனார். பிரேசிலில், அர்ஜென்டினாவில் தெருவில் நடக்கும் இசையைக் கேட்டார்கள். பாடுகிறவர், கேட்கிறவர் என்று அங்கே கோடு கிழிக்க முடியவில்லை. திரும்பி வந்து செய்ததுதான் 1974 டிசம்பரில் வந்த 'ஆனிமா லத்தீனா'.

இந்த ஆல்பத்துக்கு நான் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன். அவருடைய பாதை திரும்பிய இடம் இது என்று நம்புகிறேன்.

முதல் பாட்டைப் போட்டால் நெடுநேரம் குரல் வராது. சின்தசைசரும் காற்று வாத்தியங்களும் தாளமும் மெல்லச் சேர்ந்துகொண்டே இருக்கும். குரல் வந்ததும் நம் கை தானாக ஒலியைக் கூட்டப் போகும். பாடுகிறவர் தூரத்தில், வாத்தியங்களுக்குப் பின்னால் நிற்கிறார். வரிகள் பாதிதான் புரியும். பதிவுக்கூடத்தில் யாரோ செய்த பிழை என்று அப்போது நினைத்தவர்கள் உண்டு. பிழை இல்லை, வேண்டுமென்றே செய்தது. கேட்கிறவர் சும்மா உட்கார்ந்து வாங்கிக்கொள்ளக் கூடாது, காதைக் கொடுத்து உழைக்க வேண்டும், பாட்டை முடிப்பதில் அவருக்கும் பங்கு வேண்டும் என்பது பத்திஸ்தியின் எண்ணம். தெருவில் கேட்டு வந்ததை இப்படித்தான் ஒரு தட்டுக்குள் கொண்டுவர முயன்றார்.

ஆல்பத்தில் பாட்டுகள் தனித்தனியாக நிற்பதில்லை. 'துவே மோந்தி'யில் மாரா குபெத்து என்ற பாடகியின் குரல் அவருடையதோடு மோதுகிறது. அந்தக் கருப்பொருள் பிறகு வேறு வடிவில் திரும்பி வருகிறது. 'அனோனிமோ' என்ற பாட்டின் முடிவைக் கவனியுங்கள். பெயரில்லாதவன் என்று தலைப்பு. பாட்டு முடியப்போகிற நேரத்தில் ஒரு ஊர்ப் பேண்டு வாத்தியக் குழு உள்ளே நுழைகிறது. அவர்கள் வாசிப்பது 'இ ஜர்தீனி தி மார்த்சோ'. இரண்டே ஆண்டுகளுக்கு முன் தன்னை ஊருக்கெல்லாம் சொந்தமாக்கிய மெட்டை எடுத்து, திருவிழாவில் ஊர்க்காரர்கள் வாசிக்கிற மாதிரி வாசிக்க விடுகிறார். இனி அது என்னுடையது இல்லை, உங்களுடையது, நான் கிளம்புகிறேன் என்று அவர் சொல்வதாகவே எனக்கு அது கேட்கிறது.

மக்கள் அவரைக் கைவிடவில்லை என்பதுதான் வியப்பு. இப்படிப்பட்ட ஆல்பமும் விற்பனையில் முதலிடத்துக்குப் போயிற்று.

அடுத்து அவர் அதே வழியில் இன்னும் ஆழமாகப் போயிருக்கலாம். போகவில்லை, உடம்பை ஆட்டுகிற இசைக்குத் திரும்பினார். 1976 ஆல்பத்தின் தலைப்பே டிரம்ஸ், டபிள் பேஸ், இத்யாதி என்று வாத்தியங்களைத்தான் சொல்கிறது. வால்டர் கல்லோனியின் டிரம்ஸும் ஹியூ புல்லனின் பேஸ் கிதாரும் முன்னுக்கு வந்தன. இவான் கிராட்சியானி கிதார் வாசித்தார். 'அங்கோரா தூ'வில் பிரிந்த இருவர் மறுபடி சந்தித்துச் சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். அடியில் டிஸ்கோ தாளம் போகிறது. 1977இல் 'இயோ தூ நோய் தூத்தி'க்காக அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் போனார். அதிலுள்ள 'அமார்சி உன் போ'வை இசை படிக்கிறவர்கள் பாடிப் பார்க்க வேண்டும்: கேட்கும்போது எளிமை, பாடும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் கால் வழுக்கும். அதே ஆண்டு தன் பாட்டுகளை ஆங்கிலத்தில் பாடி 'இமேஜஸ்' என்று வெளியிட்டார்; அது எடுபடவில்லை. மொகோலின் சொல் போனதும் பாதி உயிர் போய்விட்டது.

1978இல் இங்கிலாந்து. ஜெஃப் வெஸ்ட்லி இசைக்கோர்ப்பில் 'ஊனா தோன்னா பெர் அமீகோ'. அவருடைய ஆல்பங்களில் மிக அதிகம் விற்றது. இந்த ஆல்பத்தில் எங்கும் பிசிறு கிடையாது. ஒவ்வொரு ஒலியும் துடைத்துவைத்தாற்போல் இருக்கும். குரலில் பழைய கரகரப்பு அடங்கி, காற்றாக மெலிந்திருக்கும். 1980 பிப்ரவரியில் 'ஊனா ஜோர்னாத்தா உஜ்ஜோசா'. மொகோலுடன் செய்த கடைசி ஆல்பம் அது; கடைசிப் பாட்டு 'கோன் இல் நாஸ்த்ரோ ரோசா'. அதன் முடிவில் பில் பாமர் வாசிக்கிற கிதார், பாட்டு தேய்ந்து மறைகிற வரை நிற்காமல் போகிறது. பதினைந்தாண்டுக் கூட்டு அதோடு முடிந்தது. காரணம் பங்கு, உரிமை என்று பலவிதமாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கு இன்று நமக்கு வேண்டாம். கலைஞர் பேச வேண்டியது தன் படைப்பு வழியாக மட்டுமே என்று சொல்லி அவர் பேட்டி கொடுப்பதையும் நிறுத்தியிருந்தார். பிரியான்சா பகுதியில், மோல்தேனோ என்ற சிற்றூரில் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்தார்.

1982இல் 'எ ஜா'. வரிகள் வெலெத்சியா என்ற பெயரில். அவருடைய மனைவி கிராட்சியா லெத்தீத்சியா வெரோனேசேயின் பெயரைச் சுருக்கிய புனைபெயர் அது. கிரெக் வால்ஷ் தயாரிப்பு. மரத்தால் செய்த வாத்தியம் ஒன்றும் இல்லை; எல்லாம் மின்னணு. கிதாரைக் கீழே வைத்துவிட்டார் அந்தக் கிதார்க்காரர். பன்னிரண்டு குறும்பாடல்கள். காற்றுப்பலகைச் சவாரி, ஒலிப்பதிவு, மலை என்று தன் அன்றாடத்தையே பாடுகிறார். வரிகள் பலவீனமானவை, இதை நான் உயர்ந்த ஆல்பம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இது இல்லாமல் அடுத்தது வந்திருக்காது.

அடுத்தது 1986இல் 'தோன் ஜொவான்னி'. ரோமைச் சேர்ந்த கவிஞர் பஸ்குவாலே பனெல்லா வந்து சேர்ந்தார். அவருடைய வரிகளில் கதை இருக்காது. ஒரு சொல்லின் ஓசை அடுத்த சொல்லை இழுத்துவரும். ஒரு பொருளைச் சொல்லிக்கொண்டே அதை மறுக்கும். சிலேடை ஓடிக்கொண்டே இருக்கும். மொகோல் எழுதியதில் அவனும் அவளும் சமையலறையில் நின்று பேசுவது கண்ணுக்குத் தெரியும். பனெல்லாவில் மொழியே நம்முன் நின்று வித்தை காட்டுகிறது. இந்த ஆல்பத்தில் பெரும்பாலும் மெட்டு முந்தி வந்தது, எனவே பழைய பத்திஸ்தியின் இனிமை முழுசாக இருக்கிறது. மின்னணு ஒலியும் உண்மையான இசைக்குழுவும் கைகோத்திருக்கின்றன. முதல் பாட்டான 'லே கோசே கே பென்சானோ'வை, சிந்திக்கும் பொருட்களை, இத்தாலி மொழி ஒரு சொல்கூடத் தெரியாமல் கேளுங்கள். சோகம் இன்னது என்று சொல்லாமலேயே வந்து சேரும். அவருடைய ஆல்பங்களில் மிகச் சிறந்தது இதுதான் என்பது என் முடிவு. மொகோல் காலத்து ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம், வரட்டும்.

அதற்குப் பிறகு முறை தலைகீழானது. பனெல்லா வரிகளை எழுதிக் கொடுப்பார். பத்திஸ்தி அதற்கு இசையமைப்பார். 1988இல் 'லப்பரென்சா', 1990இல் 'லா ஸ்போசா ஓச்சிதென்தாலே', 1992இல் 'கோசா சுச்செதெரா அல்லா ரகாட்சா', 1994இல் 'ஹெகல்'. ஒவ்வொன்றிலும் எட்டுப் பாட்டு. அட்டைகள் வெள்ளை, அதில் ஏதோ ஒரு கோட்டுச் சித்திரம் அல்லது எழுத்து. வெள்ளைத் தட்டுகள் என்றே ரசிகர்கள் இவற்றை அழைக்கிறார்கள். சொல் முந்திவந்ததால் மெட்டுக்குச் சமச்சீர் போய்விட்டது. அடி நீளமாக இருந்தால் மெட்டும் நீள்கிறது. வாக்கியம் நடுவில் திரும்பினால் மெட்டும் திரும்புகிறது. அடியில் இயந்திரத் தாளம் நடனக் கூடத்துக்குரிய உறுதியோடு அடித்துக்கொண்டே இருக்கிறது. பல்லவி திரும்பி வரும் என்று காத்திருந்தால் ஏமாறுவோம். 'ஹெகல்' ஆல்பத்தில் 'தூபிங்கா' என்று ஒரு பாட்டு இருக்கிறது. ஹெகல் மாணவராக இருந்த டியூபிங்கன் நகரத்தின் பெயர். அந்த மெட்டின் வளைவில் பழைய பத்திஸ்தியை அடையாளம் கண்டுகொள்ள முடிகிறது.

'தோன் ஜொவான்னி'யையும் சேர்த்துப் பனெல்லாவோடு செய்த இந்த ஐந்தும் சமம் என்று சொல்ல மாட்டேன். 'லப்பரென்சா' முழுமையானது. நடுவில் வந்த இரண்டில் தயாரிப்பின் குளிர்ச்சி அதிகம். சில இடங்களில் இசை வரிகளின் பின்னால் ஓடி மூச்சு வாங்குகிறது. ஆனாலும் நாற்பது வயதைத் தாண்டிய, வேண்டிய அளவு புகழ் பெற்ற ஒருவர், தன் பழைய பாட்டுகளைத் திரும்பப் பாடி எளிதாகக் காலம் தள்ளியிருக்கக்கூடிய ஒருவர், இப்படி ஒரு வேலையில் எட்டு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். மேடை இல்லை, பேட்டி இல்லை, விளம்பரத்துக்குப் புகைப்படம் இல்லை. தட்டு மட்டும் கடைக்கு வந்தது.

1998 செப்டம்பர் 9 அன்று மிலானில் அவர் இறந்தார். வயது 55. 'ஹெகல்'தான் கடைசி ஆல்பமாக நின்றுவிட்டது.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மொகோல் காலத்துப் பாட்டுகள் நெடுங்காலம் இணையத்தில் முறைப்படி கிடைக்காமல் இருந்தன. 2019 செப்டம்பர் 29 அன்றுதான் ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு வந்தன. அந்தத் தேதியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். தேர்ந்தெடுத்த பாட்டுகளின் தொகுப்பு எதையும் தயவுசெய்து தொடாதீர்கள். அதில் பாதை தெரியாது. 'உமானாமென்தே உவோமோ'வை முதலில் முழுக்கக் கேளுங்கள். அடுத்து 'ஆனிமா லத்தீனா'. ஒலியைக் கூட்டாமல், அவர் வைத்த அளவிலேயே கேளுங்கள். பிறகு 'தோன் ஜொவான்னி'. மூன்றையும் கேட்ட பின்பு 'ஹெகல்' பக்கம் போங்கள். அதற்கு முன் வேண்டாம்.